இஸ்திரி மேசையில் நடந்த தூரம்

அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. காலையில் வந்து நின்றால் மாலைவரை படுக்கைவிரிப்புகளுக்கு இஸ்திரி போடுவாள். பருத்த உடம்பு, வாய்கொள்ளாச் சிரிப்பு. "நான் உட்கார்ந்தா நாற்காலி அழும்" என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போகும்வரை தன் எடையைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை.

தம்பி டாக்சி ஓட்டியவன். அம்மா போன பிறகு இவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். அவளுடைய சிறுநீரகம் அவனுக்குப் பொருந்தியது. ஆனால் மருத்துவர் தயங்கினார்.

"இந்த எடையில அறுவை சிகிச்சை பண்ணா உங்களுக்கே ஆபத்தும்மா. குறைச்சுட்டு வாங்க."

"குறைச்சுட்டா போச்சு" என்றாள் பெரியக்கா.

மகள் ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கட்டிவிட்டாள். உடம்பு ஒரு நாளில் எத்தனை கலோரி எரிக்கிறது என்று அது காட்டும். அதைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டால் எடை தானாக இறங்கும் என்றாள். கடிகாரம் தாராளமாகவே காட்டியது. பெரியக்காவும் அது சொன்ன அளவைத் தாண்டி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மாதங்கள் ஓடின. எடை அசையவே இல்லை.

"உண்மையைச் சொல்லுங்க, யாருக்கும் தெரியாம சாப்பிடறீங்களா?" என்று மருத்துவர் கேட்டுவிட்டார். அவள் கூனிக் குறுகிப்போனாள். தம்பிக்காகக் கட்டிய வாயையே சந்தேகப்பட்டுவிட்டார்.

மருத்துவமனையின் உணவு ஆலோசகர்தான் அவளுடைய வேலையைப் பற்றி விசாரித்தார். "உட்கார்ந்த இடத்துலயே இஸ்திரி போடற மாதிரி கையை ஆட்டுங்கம்மா" என்றார். பெரியக்கா ஆட்டினாள். கடிகாரத்தில் நடந்த அடிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

"பாத்தீங்களா? கை ஆடினா நீங்க நடக்கறீங்கன்னு நினைச்சுக்குது. அது காட்டற கலோரி வெறும் உத்தேசம்தான். அதை நம்பிச் சாப்பிடாதீங்க. வாராவாரம் எடை பாருங்க, இறங்கலன்னா தட்டுல கொஞ்சம் குறைங்க."

அப்புறம் எடை மளமளவென்று இல்லாவிட்டாலும் நிற்காமல் இறங்கியது. தம்பி கண்ணெல்லாம் உள்ளே போய்க் கிடந்தபடி சிரித்தான். "நான் படுத்தேன், நீ அழகாயிட்டே. மாமா எனக்குத்தான் நன்றி சொல்லணும்."

"வாயை மூடுடா" என்று அவன் போர்வையை இழுத்துவிட்டாள்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம், ரத்தம் சுத்திகரிக்கக் குழாய் போட்டிருந்த இடத்தில் கிருமி தொற்றி அவனுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டே நாளில் எல்லாம் முடிந்துபோனது.

காரியங்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பெரியக்கா தம்பி மனைவியின் மடியில் விழுந்து கதறினாள். "அந்தக் கடிகாரத்தை நம்பி மாசமெல்லாம் வீணாப்போச்சேம்மா! முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா..."

"உங்க மேல அவருக்கு ஒரு குறையும் இல்ல அண்ணி." அவள் அழுதுகொண்டே பெரியக்காவின் தலையைக் கோதினாள்.

மறுவாரம் பெரியக்கா வேலைக்குப் போனாள். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்த துணி மடிப்பவள், விஷயம் தெரியாமல், வாசலிலேயே வாயைப் பிளந்தாள்.

"அடியாத்தி, பெரியக்காவா இது! எப்படி இளைச்சீங்க? எனக்கும் சொல்லிக் கொடுங்கக்கா!"

மற்றவர்கள் தலைகுனிந்துகொண்டார்கள். பெரியக்கா தொளதொளவென்று தொங்கிய சீருடையை இழுத்துச் செருகிக்கொண்டு, குவியலின் மேலே கிடந்த விரிப்பை எடுத்து மேசையில் விரித்தாள்.