மூன்று பச்சைக் காய்கள்

பகல் முழுக்க ஏலக்காய் பிரிக்கிறவள் வீட்டுக்கு வந்து ஓய்வாக என்ன செய்வாள்? மிட்டாய் பிரிப்பாள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழ?

போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் எனக்கு வேலை. காய்ந்து வரும் காயைத் தட்டில் கொட்டி, நல்ல பச்சை, வெளுத்தது, வெடித்தது என்று தனித்தனியாக ஒதுக்க வேண்டும். சிலமலையிலிருந்து தினமும் பஸ்சில் போய் வருகிறேன். என் மகள்தான் அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அவள் படிக்கும்போது நான் தொணதொணக்கிறேனாம். ஒரே நிறத்து மிட்டாய் மூன்றை வரிசையாகச் சேர்த்தால் அவை மறையும், உள்ளேயிருந்து ஒருவன் கனத்த குரலில் "சூப்பர்!" என்பான். அவ்வளவுதான். இதற்கு மூளை வேண்டுமா?

வேண்டாம் என்பதுதான் வினை. பஸ்சில் ஆடினேன், உலை கொதிக்கும்போது ஆடினேன். குழம்பு அடிப்பிடித்தது. கண்ணை மூடினால் இமைக்குள் மிட்டாய் விழுந்துகொண்டே இருந்தது. கொடியில் இரண்டு சிவப்புத் துணிக்கு நடுவே ஒரு வெள்ளை கிடந்தால் மாற்றிப் போடும்வரை மனசு ஆறாது. "ம்மா, ஒனக்கு முத்திப்போச்சு," என்றாள் மகள். ஏற்றிக் கொடுத்தவளே சொல்கிறாள்!

ஒருநாள் குடோனில், தட்டின் நடுவே மூன்று பச்சைக் காய்களை வரிசையாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவை மறையட்டும் என்று காத்திருந்திருக்கிறேன்! இப்போது நினைத்தாலும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. சூப்பர்வைசர் வந்து என் நல்ல காய்க் குவியலைக் கிளறினார். உள்ளே வெடித்த காய்கள் கிடந்தன.

"என்ன யக்கா, கண்ண எங்க வச்சுட்டு வந்தீங்க? இன்னொரு வாட்டி இப்பிடி ஆச்சுன்னா வேற ஆள உக்கார வச்சிருவேன். அப்பறம் எம்மேல வருத்தப்படாதீங்க."

இத்தனை வருஷம் சுத்தமாகப் பிரித்துக் கொடுத்தபோதெல்லாம் வாயைத் திறக்காத மனுஷன். திட்டுவதற்கு மட்டும் வாய் எங்கிருந்துதான் வருமோ! ஆனால் இந்த வேலை போனால் மகளின் காலேஜ் படிப்பு நின்றுவிடும். பயந்துபோய், திரும்பும் பஸ்சிலேயே விளையாட்டை அழித்தேன்.

அன்று சாயங்காலம் கை நமநமத்தது. மிட்டாயை நான் தேடவில்லை. அந்தப் பாழாய்ப்போன குரலைத்தான் தேடினேன். யாரோ முகம் தெரியாதவன் "சூப்பர்" சொல்வதற்காகவா இத்தனை பாடு என்று வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். அடிப்பிடிக்கவில்லை, மணம் தெருவரைக்கும் போயிற்று. என் வீட்டுக்காரர் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார், மறுசோறு வாங்கினார், விரலைச் சப்பினார். ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, கொழம்பு எப்பிடி இருக்கு?"

கேட்கக் கூடாததைக் கேட்டதுபோல் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இல்லேன்னா சொல்ல மாட்டனா? ரசத்தக் கொண்டா."

ரசத்தை ஊற்றிவிட்டு நேரே மகளிடம் போய்ப் போனை நீட்டினேன். "அந்த மிட்டாய மறுபடி ஏத்திக் குடுடி. குடோனுக்குப் போற நாள்ல தொட மாட்டேன்."

"வேணாம்னுதானம்மா அழிச்ச?"

"ஒங்கப்பா வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்ற அன்னிக்கி மறுபடியும் அழிக்கிறேன். இப்ப வெரசா ஏத்து."