பெருநாளுக்கு எடுத்த சுடிதார்

2024 ஜூலை 22, திங்கட்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் என் வகுப்புத் தோழிக்காகக் காத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் நாங்கள் இருவரும் முதுகலை இலக்கியத்தின் முதலாண்டை முடித்திருந்தோம். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்குப் புதன்கிழமை கடைசி நாள். அதற்குள் கட்டாதவர்களின் பெயர் நீக்கப்படும். அவளால் கட்ட முடியவில்லை. அவளுடைய அத்தா கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர். மெட்ரோ பணிக்காகக் கடைக்கு முன்னால் தகரத் தடுப்பு எழும்பியதிலிருந்து அங்கே வண்டி நிறுத்த இடமில்லை. வேலையும் இல்லை.

நான் பகுதி நேரமாகப் பல்கலைக்கழகத்தின் நிதி திரட்டும் அலுவலகத்தில் இருந்தேன். முதுகலை மாணவர்களுக்கு உதவும்படி பழைய மாணவர்களையும் தொழில் நடத்துபவர்களையும் தொலைபேசியில் கேட்பது என் பணி. யாரேனும் இசைந்தால், அவர் காசோலையில் கையெழுத்திடும் முன்பு மாணவரை அவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அலுவலகத்தில் அதற்கு ‘நேரில் காட்டுவது’ என்று பெயர். அதுவரை எங்கள் அதிகாரியே அதைச் செய்துவந்தார். நாங்கள் அவரை மேடம் என்போம். அன்று அவருக்குக் கூட்டம் இருந்ததால் என்னை அனுப்பினார். உடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் தோழியிடம் எதுவும் சொல்லவில்லை.

அவள் பெருநாளுக்கு எடுத்த சுடிதாரில் வந்தாள். கரும்பச்சை, கழுத்தைச் சுற்றிச் சரிகை வேலை. காதில் தங்கக் கம்மல்.

“பக்கத்தூட்டு அக்காது,” என்றாள் கம்மலைத் தொட்டு. “எங்கம்மா போய் வாங்கியாந்துச்சு. ‘பெரிய மனுசங்க ஊட்டுக்குப் போறே, மூளிக் காதோடவா போவே’ன்னு ஒரே சண்டை.”

யார் வீட்டுக்குப் போனாலும் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு போவதுதான் எங்கள் வீட்டிலும் வழக்கம். எனக்கு அதில் பிழை எதுவும் தெரியவில்லை.

பேருந்தில் நடத்துநர் அவளைப் பார்த்துச் சீட்டைக் கிழிக்காமல் நின்றார். “இன்னாமா, பொண்ணு பாக்கப் போறீங்களா, பொண்ணைக் காட்டப் போறீங்களா?”

“மண்ணூர்பேட்டை ரெண்டு,” என்றாள் அவள். “மாப்ள இன்னும் ஆப்டல அண்ணாத்தே, நீங்களே ஒண்ணு பாத்து வைங்க.”

முன் இருக்கைப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நன்கொடையாளர் இயந்திர உதிரிபாகங்களை லேத்தில் கடைந்து தரும் பட்டறை ஒன்றின் உரிமையாளர், பட்டறைக்கு மேலே மாடியில் வீடு. எண்ணெய் வாசனை படிக்கட்டு வரை வந்தது. தன் தாயின் பெயரில் ஒரு மாணவியைப் படிக்க வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். தேநீர் தந்தார். என்ன படிக்கிறாய், பிறகு என்ன செய்வாய் என்று அவளைக் கேட்டார். ஆய்வுப் படிப்புக்குப் போக வேண்டும், கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்று அவள் தடுமாறாமல் சொன்னாள். அவர் தலையசைத்தார். காரியம் முடிந்துவிட்டது என்று எண்ணினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி அவள் பக்கம் திரும்பினார். “சுடிதார் நல்லா இருக்கும்மா. கம்மல் யாருது, உன்னோடதா?”

இரவல் என்ற ஒரு சொல் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். நான் வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“எங்கம்மாது,” என்றாள்.

அந்த அம்மாள் தன் கணவரைப் பார்த்தார். அவர் கோப்பையைக் கீழே வைத்து, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வாசல் வரை வந்து மரியாதையாகவே வழியனுப்பினார்.

நாங்கள் நிறுத்தத்தை அடையும் முன்பே மேடம் அழைத்துவிட்டார். தொழிற்பேட்டை லாரிகளின் இரைச்சலில் நான் ஒலியைக் கூட்டி வைத்திருந்தேன்.

“என்னம்மா, கல்யாணப் பொண்ணையா கூட்டிட்டுப் போனே? ‘கஷ்டப்படுற புள்ளைய அனுப்புங்க மேடம்’னு அவர் என்கிட்ட சொல்றாரு. எனக்கு மானமே போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு மறுபடி வரோம்னு கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கேன். பழசா ஏதாவது போட்டுட்டு வரச் சொல்லு. கம்மலைப் பத்தி அவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருந்தது.

“ஏன்டீ, இதுக்கும் யூனிஃபார்ம் இருக்குதா?” என்றாள்.

“ஒரே ஒரு தடவை. நாளைக்கு மட்டும்.”

“எங்கம்மாகிட்ட இன்னான்னு சொல்லுவேன்? நீ போட்டு அனுப்புனதுதான் கெடுத்துச்சுன்னா?”

பேருந்து வந்ததும் ஏறினோம். பூந்தமல்லி வரை அவள் சன்னலோரமாகத் திரும்பி அமர்ந்திருந்தாள். இறங்கும் முன்பே கம்மல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளை அழைத்துப்போக வீட்டுக்கே சென்றேன். அவள் அம்மா வாசலுக்கு வந்தார். உள்ளே கொடியில் கரும்பச்சைச் சுடிதார் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“அவ சென்னீர்குப்பம் போய்ட்டாளே கண்ணு. அங்க குடோன்ல பேக்கிங் வேலையாம், விடிஞ்சதும் கம்பெனி வண்டி வந்துச்சு. காலேஜி தொறக்கறவரைக்கும்தான்னா. உன்கிட்ட சொல்லலியா?”

“சொன்னாம்மா,” என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நேத்து போனீங்களே, அங்க இன்னா சொன்னாங்க? அவளைக் கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கிறா. துணி நல்லா இருந்துச்சுன்னாங்களா?”

“நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா.”

அவர் முகம் மலர்ந்தது. டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவள் வரமாட்டாள் என்று அலுவலகத்தில் சொன்னபோது மேடம் ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பத்து மணியை வீணாக்கக் கூடாது என்று மட்டும் சொல்லி, வேறொரு மாணவியின் எண்ணைத் தந்தார். ஆவடியில் வீடு, அவளுக்கும் புதன்கிழமைதான் கடைசி நாள். என் இடத்தில் உட்கார்ந்து அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பத்து மணிக்கு மண்ணூர்பேட்டைக்கு வர வேண்டும் என்றேன்.

“இப்பவே கிளம்பிடறேன்க்கா. நல்ல டிரெஸ்ஸா போட்டுக்கினு வரட்டுமா?”

வேண்டாம் என்றேன். பிறகு, காதில் என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்டேன்.