பெரிய வாரத்தில் கொடுத்த இரத்தம்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் இருதயத்தைப் பற்றியும் இரத்தக் குழாயைப் பற்றியும் எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களில் ஒருவர் எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் ஒரு கையில் கோப்பியும் மறு கையில் ரோல்சுமாக நிற்கிற எங்கள் படித்தவர்கள், பக்கத்தில் நிற்கிறவர் சொல்கிற விசர்க்கதைக்குத் தலையாட்டுகிறார்களே தவிர எழுதுவதாகத் தெரியவில்லை.

அந்த விசர்க்கதை இதுதான். ஒஸ்லோவில் எங்கள் கோயிலுக்கு வருகிற ஆம்பிளைகளில் ஒரு கூட்டம், வருடாந்த இரத்தப் பரிசோதனையைப் பெரிய வாரத்தில்தான் வைத்துக்கொள்ளும். குருத்தோலை ஞாயிறு முடிந்து வருகிற திங்கள், செவ்வாய், புதன். வியாழனில் இருந்து இந்த நாட்டில் எல்லாம் பூட்டு. அதனால் அந்த மூன்று நாளுக்கும் மாசியிலேயே நேரம் எடுத்து வைத்துவிடுவார்கள். ஏன் என்றால், சாம்பல் புதனில் இருந்து நாற்பது நாள் இறைச்சி இல்லை, குடி இல்லை, சிலருக்கு சிகரெட்டும் இல்லை. அந்த உடம்பில் இருந்து எடுத்த இரத்தம் நல்ல இரத்தமாகத்தான் இருக்கும். பிறகு மண்டபத்தில் பரீட்சை மறுமொழி வந்த பிள்ளைகள் மாதிரி நின்று, உமக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று கேட்பார்கள். செய்த பாவத்தைக் குருவானவர் கேட்காமலே சொல்லி அழுகிறவர்கள், தின்றதை டொக்ரர் கேட்டாலும் சொல்லமாட்டார்கள்.

என்னுடைய மனுசன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவருடைய குரு, திராமன் நகரில் இருக்கிற அவருடைய பழைய சிநேகிதர். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். மூன்று வருடத்துக்கு முதல் டொக்ரர் இவருக்குக் கொழுப்புக்கு ஒரு குளிசையும் பிரசருக்கு ஒரு குளிசையும் எழுதிக் கொடுத்தபோது, அந்த அண்ணைதான் எங்கள் வீட்டு மேசையில் இருந்து புத்தி சொன்னவர்.

"ஐசே, உதுகளை வருசம் முழுக்க விழுங்காதையும். ஈரல் போயிடும். சாம்பல் புதனிலயிருந்து எடும், காணும். நோன்புக்கு நோன்பும் ஆச்சு, றிப்போட்டுக்கு றிப்போட்டும் ஆச்சு."

"டொக்ரருக்கு விளங்காதே?" என்று இவர் கேட்டார்.

"அவவுக்கு விளங்கிறது பேப்பர். பேப்பர் நல்லா இருந்தா அவவுக்கும் சந்தோசம், உமக்கும் சந்தோசம். தங்கச்சி, அந்தக் கட்லட்டை இஞ்சாலை தள்ளுங்கோ."

நான் தள்ளினேன்.

மற்ற மாதங்களில் இவர் உடம்பு எப்படி இருந்தது என்பது டொக்ரருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வயிறு ஒவ்வொரு வருடமும் ஒரு துளை தள்ளி பெல்ற்றைப் பூட்டியது. பல்லுத் தீட்டினால் கைகழுவும் தொட்டியில் இரத்தம். களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்க இருந்த இடத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் சோபா. வெள்ளி, சனி விஸ்கி. அதற்குப் பரிகாரமாக ஞாயிறு காலையில் உள்ளியும் இஞ்சியும் தேசிக்காயும் அவித்த தண்ணீர். அது குழாயில் ஒட்டின கொழுப்பைக் கரைக்குமாம். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். எண்ணெய் அடைத்த கழிவுக் குழாயைச் சுடுதண்ணீர் ஊற்றித் திறந்து பழகினவள். அதனால் எனக்கும் அந்தக் கதை சரி போலத்தான் பட்டது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். நாங்கள் இருக்கிற லோறென்ஸ்கூக்கில் பஸ் நிற்கும் இடத்தில் இருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு ஏற்றம். முன்பு அதில் எனக்கு முன்னாலே போகிறவர், தை மாதத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கிற இடத்தில் நின்று போனைப் பார்க்கத் தொடங்கினார். பங்குனியில் அதற்குக் கீழே இருக்கிற மின்கம்பத்தடியிலும் நின்றார். போனில் ஒன்றும் இல்லை. திரை கறுப்பாக இருந்தது. மறு கை ஜக்கெற்றுக்கு உள்ளே நெஞ்சில் இருந்தது.

"நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யுதோ?" என்று கேட்டேன்.

"காஸ்."

"நடந்தா வருது, நிண்டா போகுது. காஸ் அப்பிடியே?"

"நீர் எப்ப டொக்ரர் ஆனனீர்? பேசாம நடவும்."

பேசாமல் நடந்தேன். அது எனக்குக் கைவந்த வேலை.

பெரிய வாரத் திங்களன்று இரத்தம் கொடுத்தார். உயிர்த்த ஞாயிறு அண்ணை வீட்டில் ஆட்டிறைச்சி. குளிசைப் பெட்டி அன்றைக்கே திரும்பவும் லாச்சிக்குள் போய்விட்டது. அதற்கு அடுத்த செவ்வாய் டொக்ரரிடம் போனோம். மறுமொழி நல்லாக வரும் என்று தெரிந்தால் இவர் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். கைதட்ட ஒரு ஆள் வேண்டும்.

டொக்ரர் நோர்வே நாட்டுப் பிள்ளை, முப்பத்தைந்துக்கு மேல் இராது. கம்பியூட்டரைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஃபிளிங்க்" என்றா. இங்கே பாலர் பள்ளியில் சோற்றைக் கொட்டாமல் தின்று முடித்த பிள்ளைக்குச் சொல்கிற சொல். ஐம்பத்தெட்டு வயது ஆள் அதைக் கேட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நடக்கும்போது மூச்சு வாங்குதல், நெஞ்சு நோவு ஏதும் உண்டா என்று கேட்டா. இல்லை, எல்லாம் நல்லம் என்றார். இப்படியே இருந்தால் குளிசையின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று சொல்லிக்கொண்டு அவ கதிரையைத் திருப்பினா.

ஒரு வருடம். எனக்கு அந்த மின்கம்பம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அடுத்தது பஸ் நிற்கும் இடம். அதற்குக் கீழே நிற்பதற்கு இடமே இல்லை.

என்னுடைய நோர்வே மொழி சமையலறை மொழி. சூடு, ஆறினது, முடிந்தது, இன்னும் கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு சொன்னேன். "குளிசை நோன்புக்கு மட்டும். இப்ப இல்லை. ஏற்றத்தில் நிற்கிறார். இரண்டு முறை. கை இங்கே." என்னுடைய நெஞ்சில் கையை வைத்துக் காட்டினேன்.

இவர் முகத்தில் சிரிப்பை மாற்றாமலே, டொக்ரருக்கு விளங்காத மொழியில் சொன்னார், "உமக்கென்ன விசரா? வாயை மூடும்."

"மூண்டு வருசமா மூடித்தான் இருந்தனான்," என்றேன்.

டொக்ரர் ஏசவில்லை. அது எனக்கு வியப்பாக இருந்தது. கதிரையைத் திரும்ப இழுத்து, அந்த நல்ல பேப்பரின் பின்பக்கத்தில் ஒரு குழாயைப் படமாகக் கீறினா. கொழுப்பு குழாயின் உள்ளே எண்ணெய் மாதிரி ஒட்டுவதில்லையாம். அது சுவருக்கு உள்ளே போகிறது. கூடின பிரசர், சீனி, சிகரெட்டுப் புகை எல்லாம் சுவரின் உள் தோலைக் காயப்படுத்துகின்றன. அந்த வழியால் கெட்ட கொழுப்பு நுழைகிறது. உடம்பு அதை எதிரி என்று நினைத்து வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை கொழுப்பைத் தின்று, வீங்கி, அங்கேயே செத்துப்போகின்றன. இன்னும் ஆட்கள் வருகிறார்கள், இன்னும் செத்துப்போகிறார்கள். இதுதான் அழற்சி. ஒரு புண் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருப்பது மாதிரி. அதற்கு மேலே உடம்பு ஒரு மூடி கட்டும். அழற்சி அடங்காவிட்டால் மூடி மெலிந்து ஒரு நாள் வெடிக்கும். வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கும். மாரடைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது.

வயிற்றுக் கொழுப்பு சும்மா இருக்கிற சுமை இல்லையாம். அழற்சியைக் கூட்டுகிற சாமான்களை அதுவே இரத்தத்துக்குள் விடுகிறது. பல் முரசில் இரத்தம் வருவதை நான் சொன்னபோது, அது காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதுவும் ஒரு அழற்சிதான், இரண்டும் பல பேருக்குச் சேர்ந்து வருகிறது, பல் டொக்ரரிடம் போங்கள் என்றா. குளிசை கொழுப்பைக் குறைப்பதோடு அந்த மூடியையும் உறுதியாக்கும், ஆனால் தினமும் எடுக்க வேண்டும் என்றா. நாற்பது நாள் எடுத்தால் பேப்பர்தான் திருந்தும்.

உள்ளித் தண்ணீரைப் பற்றி நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இதயத் துடிப்பைப் படம் எடுத்தார்கள். நன்றாக இருந்தது. இவர் உடனே நிமிர்ந்தார். படுத்திருக்கும்போது எடுத்த படத்தை வைத்து ஏற்றத்தில் வருகிற நோவை இல்லை என்று சொல்ல முடியாது என்று டொக்ரர் சொல்லி, ஆஸ்பத்திரி இதயப் பகுதிக்கு அவசரம் என்று போட்டு எழுதினா. நாக்குக்குக் கீழே அடிக்கிற மருந்தும் தந்தா. சும்மா இருக்கும்போது நோவு வந்தால் உடனே அம்புலன்சைக் கூப்பிட வேண்டும் என்று, அவரிடம் இல்லை, என்னிடம் சொன்னா.

காரில் போகும்போது அண்ணை போனில் எடுத்தார். குரல் கார் முழுக்கக் கேட்டது.

"என்ன மச்சான், பாசோ?"

இவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு, "ஓம், பாஸ்," என்றார்.

இதற்கு என்ன சொல்வது? செத்தாலும் பாசாகித்தான் சாவார்கள் போலிருக்கிறது. அன்றைக்கு ஒருமுறை வாய் திறந்தவளுக்கு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"பெயில் அண்ணை. இதயப் பகுதிக்கு எழுதியாச்சு. நீங்கள் சொன்னபடிதான் குளிசை எடுத்தவர்."

"தங்கச்சி, உதைக் கோயில்லை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றார் அண்ணை.

"ஏன்?"

"சும்மா. ஆக்கள் கதைப்பினம்." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அவருக்கு எந்தப் பக்கம் நோகுது? நடுவிலையோ, இடப்பக்கமோ?"

"நடுவிலை. நடந்தா வரும், நிண்டா போகும்."

அண்ணை போனை வைத்துவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. மூன்று வருடம் கட்லட்டைத் தள்ளிக் கொடுத்த என்மேலும் வரவில்லை.

அடுத்த நாள் காலை எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருந்து அழைத்து, வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். இவர் பாணோடு இரண்டு குளிசையையும் எடுத்தார். என்னோடு கதைக்கவில்லை. நான் பின்னேர வேலைக்குப் போனேன்.