அம்மா ஓட்டிவிட்ட காட்சி

வீடியோ டெக்கோடு சேர்த்து, துபாயில் வேலை பார்த்த எங்கள் அத்தா கொண்டுவந்தது ஒரே ஒரு கேசட். காணாமல் போன அப்பாவைத் தேடி ஒரு குடும்பம் படகேறும் ஆங்கிலப் படம். முத்துப்பேட்டை வீட்டில் நானும் தம்பியும் அதைத் தேயத் தேயப் பார்த்தோம். தொடக்கத்தில் ஓரிடம் வந்தால் மட்டும் அம்மா ரிமோட்டைப் பிடுங்கி வேகமாக ஓட்டிவிடுவார். முத்தக் காட்சி என்று நாங்களே முடிவுகட்டிக்கொண்டோம்.

போன வாரம் என் மகளோடு அந்தப் படத்தை முழுதாகப் பார்த்தேன். முத்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. துறைமுகத்தில் அப்பா பெட்டியோடு கிளம்புகிறார். சின்னப் பையன் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான்.

எனக்குக் கோபம்தான் வந்தது. உடனே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"இதையாம்மா ஓட்டுனீங்க?"

"அதான் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா நம்ம வாசல்லயே பாத்தோமே," என்றார் அம்மா. "டிவியில வேற பாக்கணுமா?"