குருந்தவேலிக்காகச் சண்டை போட்டவர்

ஆலங்குடி பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கண்டக்டர் சொன்னார்.

"சார், ஒங்களுக்குச் சேதி தெரியாதா? சயன்ஸ் வாத்தியார் அருணாசலம் காலையில தவறிட்டாருங்க. திருவரங்குளத்துல அவுக வீட்டு வாசல்ல கூட்டமா நிக்குது."

சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தார். இந்தப் பஸ்ஸில் நானும் அருணாசலமும் போட்ட சண்டைகளைப் பல வருஷமாகக் கேட்டு வந்தவர் அவர். "இனிமே பஸ்ஸு அமைதியாப் போவும் சார்" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார்.

அருணாசலத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அவரோடு என் அளவுக்குச் சண்டை போட்டவர் வேறு யாரும் இல்லை, அதுதான் தகுதி. எனக்குப் பலர்மீது தீராத வருத்தம் உண்டு. என்னைத் தாண்டி இளையவர் ஒருவரை மேலே ஏற்றிய தலைமையாசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அருணாசலத்தின்மீது மட்டும் ஒரு கோபத்தை ஒரு வாரம் முழுதாக வைத்திருக்க முடிந்ததில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் வந்து உட்கார்ந்து, "அய்யா, நேத்து எதுல விட்டோம்?" என்பார்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் தமிழ், அவர் விஞ்ஞானம். நெற்றி நிறையத் திருநீறு எனக்கு, கருப்புச் சட்டை அவருக்கு. பெயர் மட்டும் அருணாசலம். "அது எங்கப்பாரு செஞ்ச காரியம். அதுக்கு நான் பொறுப்பில்லீங்க" என்பார். எந்தக் கோயிலுக்குள்ளும் நுழைய மாட்டார். ஆனால் வெளிச்சுவரைச் சுற்றிச் சுற்றி வந்து கல்வெட்டுப் படிப்பார். கிடாவெட்டு எங்கே நடந்தாலும் முதல் பந்தியில் இருப்பார். இது என்ன கொள்கை என்று ஒருநாள் கேட்டேன். "சாமிதான் இல்லீங்க. கறி இருக்குல்ல?" என்றார்.

எங்கள் பெரிய சண்டை குருந்தவேலியைப் பற்றியது. நாயனார் ஒருவர் தம் பதிகத்தில் சிவன் உறையும் ஊர்களை வரிசையாகச் சொல்லிப் போகிறார். அவற்றில் ஒன்று குருந்தவேலி. பாட்டில் ஊர் இருக்கிறது. மண்ணில் அது எங்கே என்று யாருக்கும் தெரியாது. அது மாவிடுதிதான் என்று நான் கண்டுபிடித்தேன். மாவிடுதிச் சிவன் கோயில் லிங்கம் மிகப் பழையது. அந்த ஊர்க் கண்மாய் மடையில் பதித்திருந்த ஒரு கல்லில் குருந்தவேலி என்ற பெயரே வெட்டியிருந்தது. இதைவிட என்ன வேண்டும்? கட்டுரை எழுதிச் சென்னையில் ஒரு பெரிய பண்டிதருக்கு அனுப்பினேன். 'மேலும் ஆராய்க' என்று ஒரே வரி எழுதித் திருப்பிவிட்டார். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்க மாட்டேன்.

மாவிடுதிக்காரர்கள் என்னை ஏற்றுக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் ராமையா ஊர் வாசலில் சிமெண்டு வளைவு கட்டி, 'திருக்குருந்தவேலி' என்று பெரிதாக எழுத ஏற்பாடு செய்தார். கீழே ஒரு கல்லில் 'கண்டறிந்தவர்' என்று என் பெயர். என் பெயர் கல்லில் ஏறுவதற்கு எனக்கு வாய்த்த ஒரே இடம் அது.

திறப்பு விழா நெருங்கிய சமயம் அருணாசலம் பஸ்ஸில் வந்து உட்கார்ந்தார்.

"மாவிடுதிக்குப் போயிருந்தேங்க. பிடிமண்ணு எடுத்தாங்க."

"கறி சாப்பிடவா?"

"அன்னைக்குக் கறி இல்லீங்க. என்னைக்குக் கறின்னு கேக்கத்தான் போனேன்." சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த மண்ண அவுக மாவிடுதியில எடுக்கல, அய்யா. ஊரே திரண்டு அங்கிட்டுக் கெழக்க, முள்ளுக்காட்டு மேட்டுக்குப் போவுது."

ஐயனாருக்கு மண்குதிரை செய்ய, ஊரார் ஒரு பிடி மண்ணைக் குயவரான வேளாரிடம் கொடுத்துத் தொடங்கி வைப்பது எங்கள் பக்கத்து முறை. ஓர் ஊர் இடம் பெயர்ந்து வந்திருந்தாலும், அந்த மண்ணைப் பழைய இடத்திலிருந்துதான் எடுப்பார்கள். அப்படியானால் மாவிடுதி பழைய ஊரே இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். முள்ளை விலக்கி மேட்டில் ஏறினால், ஒரு கோயிலின் அடித்தளம் மட்டும் கிடந்தது. கல்வரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்தெடுத்த இடம் பல் விழுந்ததுபோல் தெரிந்தது. அருணாசலம் மடைக்கல்லை முன்பே அளந்து துண்டில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இடைவெளியில் துண்டை விரித்தார். முடிச்சு விளிம்பில் போய் உட்கார்ந்தது.

"பக்கத்துக் கல்லுல எழுத்துத் தொடருது. நீங்களே படிங்க" என்றார்.

படித்தேன். மடைக்கல்லில் பாதியில் நின்ற வாக்கியம் இங்கே தொடர்ந்தது.

"இதை நீங்களே எழுதியிருக்கலாமே?"

"நான் எழுதுனா, கருப்புச் சட்டைக்காரன் சாமி எடத்தைக் கலைக்கிறான்னுவாங்க. நீங்க சொன்னாத்தான் எடுபடும். சொல்லாம விட்டாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்." பிறகு அவர் சொன்னதை நான் பல கூட்டங்களில் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். "சாமி இல்லாம இருக்கலாம், அய்யா. ஊரு இருந்திருக்குல்ல? அது நம்மளத்தான் நம்பிக் கெடக்கு."

விழா நாள்வரை யோசித்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் பெயர் கல்லில் இருக்கும். ஆனால் என்றாவது அந்தச் சென்னைப் பண்டிதர் இந்தப் பக்கம் வந்து, மேட்டையும் பார்த்து, வளைவையும் பார்ப்பார். அவர் வாயால் கேட்பதைவிட என் வாயாலேயே சொல்லிவிடுவது மேல் என்று தீர்மானித்தேன்.

"பெரியோர்களே, இது குருந்தவேலி இல்லை. குருந்தவேலி கிழக்கே முள்ளுக்காட்டில் இருக்கிறது" என்று விழா மேடையில் சொன்னேன்.

ராமையா மைக்கை எட்டிப் பிடித்தார். "என்ன வாத்தியாரே இது? மாலை போட்ட கை ஈரம் இன்னும் காயல!"

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "பழைய கண்மாய் தூந்துபோயி அங்கேருந்து வந்தவுகதான் நாங்க. அதுக்காக எங்களுக்கு ஊரே இல்லைன்னா எப்புடி?"

"சிமெண்டுக்கு யாரு பதில் சொல்றது?" என்றது இன்னொரு குரல்.

அப்போது, யாரும் அழைக்காமல், கருப்புச் சட்டை மேடை ஏறியது. கூட்டம் அடங்கிவிட்டது.

"தமிழய்யா இப்பச் சொன்னது தப்பு" என்றார் அருணாசலம். "ஒங்க பாட்டன் பூட்டன் லிங்கத்த வண்டியில ஏத்தி, ஒரு பிடி மண்ண மடியில கட்டிக்கிட்டு இங்கிட்டு வந்தாங்க. மண்ணு வந்த எடத்துக்குச் சாமியும் வரும், ஊரும் வரும்ங்கிறது ஒங்க சட்டம். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா ஒங்க ஊர ஒங்க சட்டப்படிதான் பேசணும். குருந்தவேலி இதுதான். அய்யா மொதல்ல எழுதுனதுதான் சரி. வளைவுல கை வைக்காதீங்க."

விசில் பறந்தது. ராமையா ஓடிப்போய் இன்னொரு மாலை கொண்டுவந்தார். அருணாசலம் அதை வாங்கி மைக்குக்குப் போட்டுவிட்டு இறங்கிப் போனார்.

திரும்பும் பஸ்ஸில் நான் கொதித்துக்கொண்டிருந்தேன். "மேட்டைக் காட்டினது நீங்க. அதச் சொன்னதும் என்னையே மறுத்துப் பேசுறீங்க. இது என்ன ஞாயம்?"

"நீங்க என் கட்சிக்கு வந்துட்டீங்க. நீங்க இருந்த எடம் காலியாக் கெடந்துச்சு. யாராச்சும் ஒக்காரணும்லங்க?"

என்னைக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றத்தான் ஏறினாரா, என்னோடு ஒத்துப்போகப் பிடிக்காமல் ஏறினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் மாவிடுதிக் கட்சி, நான் மேட்டுக் கட்சி. கடவுள் இல்லை என்றவர், சாமி வண்டியேறி வந்ததென்று வாதாடுவார். திருநீறு பூசிய நான் அளவும் கல்லும் பேசுவேன். மேட்டைப் பற்றி இரண்டாவது கட்டுரை எழுதி, வீம்புக்கு அதே பண்டிதருக்கு அனுப்பினேன். மறுபடியும் 'மேலும் ஆராய்க' என்றே வந்தது. அதைப் பார்த்து அருணாசலம் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "ரெண்டு கட்சிக்கும் ஒரே தீர்ப்பு! மனுசன் ரெண்டையும் படிக்கலீங்க!" அத்தனை வருஷக் கசப்பும் அந்த ஒரு சிரிப்பில் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை நான் வைத்திருக்கிறேன்; அது வேறு விஷயம்.

அருணாசலம் போனபிறகு, போன வாரம் ஒரு கல்லூரி விரிவுரையாளர் என் வீடு தேடி வந்தார். குருந்தவேலி எங்கே என்று இரண்டு வரியில் சொன்னால் போதும் என்றார். முள்ளுக்காட்டு மேடுதான் என்று சொல்லி, கல் தொடர்வதையும் விளக்கினேன். அவர் எழுதி முடிப்பதற்குள், "ஆனால் மண் போன இடத்துக்கு ஊரும் போகுமல்லவா?" என்று நானே கேட்டேன். அவர் எழுதியதை அடித்துவிட்டு மாவிடுதி என்று எழுதினார். "எப்படி எழுதலாம்? கல் அங்கேதானே இருக்கிறது?" என்றேன். பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயா, முதலில் நீங்கள் ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிவுக்கு வரும் எண்ணம் எனக்கு இல்லை. அருணாசலத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய கட்சியை. என் கட்சியோடு சேர்த்து அதையும் நானே பேசிக்கொண்டிருப்பேன்.