வார்த்தை சுமந்தவள்

ஆவூருக்குப் பக்கத்து ஊரில் சந்தனராஜ் வீட்டுக்கும் அவர் தம்பி ஆண்ட்ரூஸ் வீட்டுக்கும் நடுவே ஒரு சாக்கடை. இறங்கிச் சுத்தம் செய்கிறவன் தோற்றவனாகிவிடுவான் என்று இரண்டு பேரும் அதைத் தொடுவதில்லை. புழு நெளியும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்ட வேண்டும். தினமும் தாண்டியவள் ரீட்டா, இரண்டு பேருக்கும் ஒரே தங்கை. புருசன் குவைத்தில். வீடு அதே தெருக்கோடியில்.

அப்பா அந்தோணிமுத்து செத்த வருசம் வேலித் தகராறில் நின்றுபோன பேச்சு. எங்கள் சனத்தில் பேச்சு நின்றால் இரண்டு பக்கத்துக்கும் வார்த்தை கொண்டுபோவது கூடப்பிறந்தவள் வேலை. தம்பி கண்ணெதிரே நிற்பார். அண்ணன் ரீட்டாவைப் பார்த்து, "அவன் கோழி எங்கிட்டு மேயுதுன்னு கேளு" என்பார். காதில் விழுந்தாலும் தம்பி அசைய மாட்டார். ரீட்டா சாக்கடையைத் தாண்டி அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகுதான் அவர் வாயைத் திறந்து, "கோழிக்கு வேலி தெரியுமான்னு அந்த ஆளைக் கேளு" என்பார். வளர்ந்த ஆம்பளைகள்!

பெரிய மதினி ஜெபமாலையம்மாள் இன்னும் ஒரு படி மேல். வெற்றிலையைக் குதப்பி ரீட்டாவின் காலடியிலேயே துப்பிவிட்டுச் சொல்வார்: "ஒன்னை மாதிரிப் பதமா யாரு ஆத்தா எடுத்துச் சொல்லுவா? ஒனக்குத்தான் அந்த வாய் வாய்ச்சிருக்கு."

அந்தப் புகழ்ச்சியிலேயே ரீட்டாவின் தெம்பெல்லாம் போய்க்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ரீட்டா கபடியில் பேர் வாங்கியவள். போன வருசம் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் வந்து, "அத்தை, எங்களுக்குச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டார்கள். மாதா கோயிலுக்குப் பின்னாலிருந்த பொட்டலில் கோடு கிழித்து ஆரம்பித்தாள். சாயங்காலம் அந்த ஒரு மணி நேரம்தான் தனக்கென்று ஒரு வேலை இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன்மாருக்கு வார்த்தை பொங்கும். இரண்டு வீட்டு அசிங்கத்தையும் கேட்டு முடித்து, தலை கனத்துப்போய்த்தான் பொட்டலுக்கு வருவாள்.

ஒருநாள் ஸ்வீட்டி என்ற பிள்ளை 'கபடி கபடி' என்று பாடி எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்த கோட்டைத் தொடாமல் திரும்பிவிட்டாள். ரீட்டா கத்தினாள்: "எச்சக்கலை நாயே! கண்ணு எங்க இருக்கு?"

பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஸ்வீட்டி மெல்லக் கேட்டாள்: "நானா அத்தை?"

அது பெரியண்ணன் தம்பியைத் திட்டும் வார்த்தை. கொஞ்சம் முன்னால் அவளேதான் அதைச் சுமந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். யாரோ மென்று துப்பியது தன் வாயில் கிடப்பது போல ரீட்டாவுக்கு அருவருத்தது. குழாயடிக்குப் போய்க் கொப்பளித்தாள். திரும்பி வந்து ஸ்வீட்டியின் தலையைத் தடவி, "நீ இல்லடி" என்றாள்.

மறுநாள் இரண்டு வீட்டு வாசலிலும் நின்று சொல்லிவிட்டாள்: "இனிமே நான் வார்த்தை கொண்டுபோக மாட்டேன். வேணும்னா நீங்களே பேசிக்கங்க."

"புருசன் காசுல உக்காந்து திங்கிறவளுக்கு டவுசர் பிள்ளைகளோட குதியாட்டம் கேக்குதோ?" என்றார் மதினி.

"ஆமா மதினி, கேக்குது. நீங்களும் வாங்க, ஒரு பாட்டுப் பாடிப் பாப்பம்."

அப்பாவின் நினைவு நாளும் புதுக்கோட்டையில் போட்டியும் ஒரே சனிக்கிழமையில் விழுந்தன. நினைவுச் சாப்பாடு ஒரு வருசம் அண்ணன் வீட்டில், மறு வருசம் தம்பி வீட்டில். போன வருசம் ஊரெல்லாம் காய்ச்சல் என்று பயந்து யாரும் சமைக்கவில்லை. அதனால் இந்த வருசம் யார் முறை என்று ரீட்டா போய்க் கேட்டு, சொந்தக்காரர்களையும் அவளே அழைக்க வேண்டும். அவள் கேட்கவில்லை. இரண்டு பேருமே தன் முறை என்று தாங்களே சொந்தக்காரர்களை அழைத்து, கிடா வெட்டிவிட்டார்கள். தெருவில் இரண்டு பந்தல். இரண்டு அண்டாவில் கறி கொதித்தது.

பூசை முடிந்து வந்த சனம் திகைத்து நின்றது. ஒரு பந்தலுக்குள் போனால் மற்றவனுக்குப் பகை. ஒவ்வொருவராக நழுவி, பஸ் நிறுத்தத்துக் கடையில் புரோட்டா தின்றுவிட்டுப் போனார்கள். வெயிலேற ஏற ஈ மொய்த்தது. மத்தியானத்துக்கு மேல் தெரு முழுக்கப் புளித்த கறி வாடை. அண்ணன் தம்பி ஆளுக்கொரு பந்தலில் வெறும் பெஞ்சிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

புதுக்கோட்டை மைதானத்தில் ரீட்டாவின் போன் அடித்தது. மதினிதான்.

"அடியே, கறி கெட்டுப்போச்சு. சனமெல்லாம் போயிருச்சு. சின்னவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி..."

எதிரே ஸ்வீட்டி பாடிப் போய்க்கொண்டிருந்தாள். ரீட்டா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார்கள், இரண்டாவதில் ஸ்வீட்டிக்கு முட்டியில் அடிபட்டுத் தோற்றார்கள். ஜெயித்த பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் வந்து, "முழுப் பரீச்சை லீவுல எங்க பிள்ளைங்களுக்கும் சேத்துக் கபடி சொல்லிக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். ரீட்டா சரியென்று தலையாட்டினாள்.

பொழுது சாய ஊருக்கு வந்தால், அவள் வாசலில் ஆளுக்கொரு பக்கமாக அண்ணன்மார் இருவரும் நிற்கிறார்கள்.

"இந்தா புள்ள, எம் முறையில இவன் எதுக்குக் கிடா வெட்டுனான்னு கேளு" என்றார் பெரியவர்.

"அண்ணே, அவரு இந்தா நிக்கிறாரு."

ரீட்டா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே சின்னவர் குரல் கேட்டது: "எவன் முறைடா? ஒன் கறிதாண்டா மொதல்ல நாறுச்சு!"

அத்தனை வருசத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவர் நேராகச் சொன்னது அதைத்தான். பெரியவரும் வாயைத் திறந்தார். செத்த அப்பனைக்கூட விடவில்லை, அப்படி நாறப் பேச்சு. தெரு கூடிவிட்டது. "ரீட்டா, வந்து வெலக்கிவிடு" என்று யாரோ கதவைத் தட்டினார்கள்.

அவள் ஜன்னலையும் சாத்திவிட்டு ஸ்வீட்டிக்குப் போன் போட்டாள். "முட்டிக்கு மஞ்சப் பத்துப் போட்டியாடி? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் பொட்டலுக்கு வந்துரு."