கையை எடுக்கச் சொன்ன உறுமல்

அந்தச் செல்லப்பிராணி மருத்துவமனையில் அவளை எல்லாரும் 'மெதுவக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டரம்மாகூட அப்படித்தான். பதினாறு வருடமாக உதவியாளர் வேலை. ஆளைக் கண்டாலே நடுங்குகிற நாய், கூண்டைத் திறந்தால் முகத்தில் பாய்கிற பூனை, எல்லாம் அவள் தலையில்தான் விழும். பக்கவாசல் வழியாக உள்ளே விடுவாள். மேசைமேல் தூக்கி வைக்க மாட்டாள். தரையில் விரிப்பைப் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள். அதுவாக வந்து மோந்து பார்க்கிறவரை திரும்ப மாட்டாள். "அக்கா உக்காந்து எந்திரிக்கறதுக்குள்ள நாய்க்கு வயசாயிடும்" என்று வரவேற்பில் இருக்கும் பெண் கிண்டலடிப்பாள். மெதுவக்கா சிரித்துக்கொள்வாள்.

துரையும் அப்படி வந்த நாய்தான். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் பழுப்பு நாய். மனைவி போன பிறகு அவருக்கு வீட்டில் பேச்சுத் துணை அது ஒன்றுதான். வேறொரு இடத்தில் மூன்று பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டதிலிருந்து, மருத்துவமனை வாசலைக் கண்டாலே வண்டிக்குள்ளேயே மூத்திரம் போய்விடும். கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று கூட்டிவந்திருந்தார்.

முதல் வாரம் மெதுவக்கா வண்டிப் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வாரம் துரை இறங்கியது. மூன்றாம் வாரம் உள்ளே வந்து, அவள் உள்ளங்கையிலிருந்து வேகவைத்த கோழியைத் தின்றது. சாப்பாடும் தேறிவிட்டதென்று டிரைவருக்குச் சந்தோஷம். முதுகைத் தடவவிட்டது, காதைப் பார்க்கவிட்டது. வயிற்றுப் பக்கம் கை போனால் மட்டும் உறுமியது. உறுமினால் கையை எடுத்துவிட வேண்டும் என்பது அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விதி. எடுத்துவிட்டாள்.

வீட்டிலேயே மயக்க மாத்திரை கொடுத்துக் கூட்டிவரச் சொல்லி ஸ்கேன் எடுத்துவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். இப்போதுதான் நம்ப ஆரம்பித்திருக்கிறது, கெடுத்துவிடாதீர்கள், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் என்றாள் இவள். அவள் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது. இரண்டு வாரம் ஐந்தாயிற்று.

ஒருநாள் காலை துரை எழுந்திருக்கவில்லை. டிரைவர் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார். ஸ்கேனில் மண்ணீரலை அடைத்துக்கொண்டு ஒரு கட்டி. உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. இனி அறுவை சிகிச்சை தாங்காது, வலியில்லாமல் போகவிடுவதுதான் ஒரே வழி.

திரையில் அந்தக் கட்டியைப் பார்த்தபோதுதான் மெதுவக்காவுக்குப் புரிந்தது. அது பயத்தால் உறுமவில்லை. வலித்திருக்கிறது. அத்தனை நாயின் உறுமலையும் பிரித்தறிந்தவள் இந்த ஒன்றைத் தவறாகக் கேட்டிருக்கிறாள்.

ஸ்கேனைத் தள்ளிப்போட்டதைச் சொல்ல வேண்டாம், சொல்லி அந்த மனுஷனுக்கு என்ன ஆகப்போகிறது என்று டாக்டரம்மா தணிந்த குரலில் சொன்னார். அவளும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பாள். ஆனால் டிரைவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் இவனுக்கு மனுஷர்மேல் நம்பிக்கையே வந்திருக்காது என்றார். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொள்ள அவளுக்கு இடமில்லை.

"அண்ணா, ஸ்கேன் எடுக்கலாம்னு டாக்டர் அப்பவே சொன்னாங்க. நான்தான் வேணாம்னேன். பயம்னு நெனச்சிட்டேன்."

அவர் கையை விட்டார்.

"அப்பவே பாத்திருந்தா?"

"ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்."

அவர் துரையின் காதையே நீவிக்கொண்டிருந்தார். இனி வேறு யாரையாவது அனுப்பச் சொல்வார் என்று நினைத்து அவள் எழுந்தாள்.

"எங்க போற? நீயே புடிச்சுக்கோ. வேற யாரு தொட்டாலும் பயப்படுவான்." துரையின் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். "அதுக்கப்புறம் எங்கிட்ட பேசாத."

அவள் உட்கார்ந்தாள். துரை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. வாலை ஒருமுறை தரையில் தட்டிவிட்டு, சிரமப்பட்டு நகர்ந்து வந்து அவள் மடியில் முகவாயை வைத்துக்கொண்டது. டாக்டரம்மா முன்னங்காலில் நரம்பைத் தேடினார். துரை அந்தக் காலை இழுத்துக்கொள்ளவில்லை. துளி நடுக்கம்கூட இல்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

டிரைவர் கழுத்துப்பட்டையை அவரே கழற்றி எடுத்துக்கொண்டார். போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. மடியில் இருந்த பாரத்தை இறக்கி வைக்க அவளுக்கு வெகுநேரம் மனம் வரவில்லை. யாரும் அவளை அவசரப்படுத்தவும் இல்லை.